டோக்கனை முடக்கும் சாவி

மும்பை குர்லா ஸ்டேஷன் நெரிசலில் ஜமீலா அக்காவின் போன் திருடுபோன அன்றுதான் எனக்கு இந்த வேலை கொஞ்சம் புரிந்தது.

அக்கா தாராவியில் தோல்பைப் பட்டறை நடத்துபவர். போலிகளைத் தடுக்க, அவரும் இன்னும் சில பட்டறைக்காரர்களும் ஒவ்வொரு பைக்கும் அது அசல் என்று காட்டும் ஒரு டிஜிட்டல் டோக்கன் போட விரும்பினார்கள். அதற்கேற்ற பிளாக்செயின் தளத்தை, அதாவது டோக்கன் கணக்கைப் பல கணினிகளில் பதிந்துவைக்கும் தளத்தை, ஒப்பிட்டுச் சொல்வது விக்ரோலி அலுவலகத்தில் என் பொறுப்பு. கட்டணமும் வேகமும் பார்த்து, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பப்ளிக் செயினில் சோதனை தொடங்கியிருந்தோம். அக்காவின் டோக்கன்களுக்கான சாவி, அதாவது அவற்றைக் கையாளும் ரகசியக் குறியீடு, அந்தப் போனில் மட்டும்தான் இருந்தது.

"புதுப் போன் வாங்கிட்டேம்மா. இதுல ஏத்திக் குடு."

"முடியாதுக்கா. அந்தச் செயின்ல யாராலயும் முடியாது."

"பை எங்கையில இருக்கு. தைச்சதும் நாந்தான். எனக்கே இல்லங்கியா?"

அந்த மாதக் கண்காட்சியில் விற்கத் தைத்த பைகள், டோக்கனை மாற்றிக் கொடுக்க வழியில்லாமல் பட்டறையிலேயே தங்கிவிட்டன.

மறுபடி ஒப்பிட்டேன். உறுப்பினர்கள் மட்டும் சேரும் தளம் ஒன்றில், தளத்தை நடத்துபவரே தொலைந்த டோக்கனை முடக்கிப் புதிதாகக் கொடுக்கலாம். என் மேனேஜர், மாட்டுங்காக்காரர், மகிழ்ந்துபோனார்.

"பேஷ்! அந்த கன்ட்ரோல் நம்மகிட்டயே இருக்கட்டும். கிளையன்ட் எங்கேயும் போக மாட்டா."

இதை அக்காவிடம் மறைக்க மனம் வரவில்லை.

"அப்போ நீங்க நெனச்சா என் டோக்கனையும் நிறுத்திரலாமா?"

"நிறுத்தலாம்க்கா."

"போனை எடுத்தவன் போனோட போயிட்டான். நீங்க கூடவே இருப்பீங்களே!"

அன்று மாலை மேனேஜரிடம் வாதாடினேன். முடக்கும் சாவி மொத்தம் ஐந்து: நான்கு பட்டறைகளிடம் ஆளுக்கொன்று, நம்மிடம் ஒன்று. மூன்று பேர் ஒப்பினால்தான் எதையும் முடக்கலாம். அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டார். கிளையன்ட் கைநழுவுவதைவிட இது மேல் என்று பிறகு சம்மதித்தார்.

சில மாதம் கழித்து, சாவி வைத்திருந்த பட்டறைக்காரர்களில் ஒருவரான சண்முகம் அண்ணாச்சி போன் செய்தார். அவருடைய தம்பி சண்டை போட்டுப் பிரிந்து தனிப் பட்டறை போட்டுவிட்டாராம்.

"அவன் டோக்கனைப் பூரா நிறுத்துங்க."

"நான் ஒருத்தி சாவி போட்டா நிக்காது, அண்ணாச்சி."

அவர் ஜமீலா அக்காவிடம் போனார். "ஒங்க வீட்டுச் சண்டைக்கு அவன் பொழப்பை நான் நிறுத்த மாட்டேன்," என்றுவிட்டார் அக்கா. மற்றவர்களும் அசையவில்லை. அந்தத் தம்பியின் பைகள் தொடர்ந்து விற்றன.

இப்போது புதிதாக வருபவர்களிடம் ஒன்றுதான் சொல்கிறேன்: எல்லோரும் ஒற்றுமையாக இருக்கும்வரை எந்தத் தளமும் நன்றாகவே ஓடும். பகை வந்தால் அங்கே யார் கை ஓங்கும் என்று முதலில் கேளுங்கள்.