நாலாவது விளக்கு

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நம்பிப் பகலில் தைரியமாகத் திரிபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இது நடந்தது நட்ட நடுப்பகலில். போன மே மாதம், நாமக்கல்லுக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில். எடப்பாடிக்காரி தனப்பிரியா சொன்னதை, அவள் குறித்து வைத்த நேரம் உட்பட, அப்படியே எழுதியிருக்கிறது. ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

தனப்பிரியா எலியின் மூளையை ஆராய்கிறவள். எலிக்கு எது எந்த இடம் என்பது எப்படி ஞாபகம் இருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. எலியின் தலைக்குள் முடியைவிட மெல்லிய நாலு கம்பிகள். அறைக்குள் எலி கதவருகே போனால் ஸ்பீக்கரில் 'டிக்' என்று கேட்கும், மேசையில் முதல் விளக்கு மின்னும். சன்னலுக்கு இரண்டாவது. தண்ணீர்க் குழாய்க்கு மூன்றாவது. அவள் உட்காரும் நாற்காலிக்கு நாலாவது. எலி சும்மா இருந்து, வேறு யாராவது அங்கே நடப்பதைப் பார்த்தாலும் சில சமயம் அப்படி மின்னும்.

தூக்கத்திலும் எலி அதே வழியை மனதுக்குள் ஓடிப் பார்க்கும். ஆனால் கண் மூடித் திறப்பதற்குள். நாலு விளக்கும் சேர்ந்து 'டர்ர்' என்று ஒரே இழுப்பு. எலி பகலில் தூங்கும் பிராணி. அதனால்தான் கல்லூரிக்கு விடுமுறை விட்டு, எல்லாரும் ஊருக்குப் போன பிறகும், அவள் மட்டும் நடுப்பகலில் அந்த அறையில் கிடந்தாள். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. வாட்ச்மேன் கண்ணுசாமி இருப்பது தூரத்துக் கேட்டில்.

கணவன் தனசேகர் போர்வெல் போடும் ரிக் லாரியோடு சத்தீஸ்கரில் இருந்தான். தைப்பொங்கல் முடிந்து போனவன். பதினோரு நாளாகப் போன் இல்லை. அடித்தால் சுவிட்ச் ஆஃப். ஊரில் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு கொண்டு வருவான். உள்ளே வந்ததும் சன்னல் வழியாக வெளியே ஒரு பார்வை. பிறகு குழாயில் இரண்டு நிமிடம் கை கழுவுவான், கிரீஸ் அவ்வளவு சுலபத்தில் போகாது. கடைசியில் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பான். அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டும்.

வியாழக்கிழமை. மணி 12.08. எலி தூங்கிக்கொண்டிருந்தது. டர்ர்... டர்ர்... எல்லாம் சரியாக இருந்தது.

12.10.

டிக்.

கதவு விளக்கு. ஒன்று மட்டும். நாலைந்து விநாடி கழித்துச் சன்னல். தூக்கத்தில் வரும் வேகம் இல்லை இது. ஆள் நடக்கும் வேகம். திரும்பி எலியைப் பார்த்தாள். அது விழித்து உட்கார்ந்திருந்தது. அசையவில்லை. கண் மட்டும் எதன் பின்னாலோ போனது.

தண்ணீர்க் குழாய்க்கான விளக்கு எரிந்தது... இரண்டு நிமிடம்.

பிறகு நாலாவது.

கதவு, சன்னல், குழாய், நாற்காலி. தனசேகர் வரும் அதே வரிசை. இந்த எலி வந்தது மாசி மாதத்தில். தனசேகரை அது பார்த்ததே இல்லை. அப்படியானால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டாரா? சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறாரா? முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. அவள் திரும்பவில்லை. அங்கே அவர் முகத்தைப் பார்த்துவிட்டால் அவர் உயிரோடு இல்லை என்று ஆகிவிடும். 12.19க்குக் கதவு விளக்கு மறுபடி மின்னி அணைந்தது.

வெள்ளிக்கிழமையும் 12.10. சனிக்கிழமையும் அதே. மூன்று நாளும் அவள் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனது விட்டுப்போயிற்று. செத்தவராக இருந்தால்தான் என்ன? வருகிறவர் அவர்தானே.

12.10. டிக். கதவு.

அடுத்து நேராக நாலாவது விளக்கு. சன்னல் இல்லை. குழாய் இல்லை. இன்றைக்கு அவசரம் போல என்று நினைத்துக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா..." பக்கத்து ஸ்டூலைக் கையால் தட்டினாள். "உக்காருங்க."

கிறீச்...

ஸ்டூல்தான்.

எலி தூர மூலையில் ஒண்டிக்கொண்டது. உடம்பெல்லாம் நடுங்கியது. அப்படி ஒரு நாளும் நடுங்கியதில்லை.

அவள் கவனிக்கவில்லை. குனிந்தபடி அழுதாள். பல நாளுக்குப் பிறகு தனியாக இல்லை என்ற நிம்மதி அது.

12.19 ஆயிற்று. கதவு விளக்கு மின்னவில்லை.

12.51. போன் அடித்தது.

"அம்மணி, நாந்தான். காட்டுக்குள்ள டவரே இல்ல. போனு வேற தண்ணில உழுந்திருச்சு."

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நல்லாருக்கீங்களா? நெசமாவே நல்லாருக்கீங்களா?"

"எனக்கென்ன. வெயிலுக்குப் பயந்து ராத்திரிலதான் ரிக்கு ஓடுது, பகல்ல தூக்கம். வியாழக்கெழமையிருந்து ஒரே கனவு. உன்ற லேப்புக்கு வாரேன், கை கழுவறேன், உன்ற சேருக்குப் பின்னால நிக்கறேன். நீ திரும்பறதே இல்ல. ஒருநாளாச்சும் உக்காருங்கன்னு சொல்லுவீன்னு பாக்கறேன்."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது. உயிரோடு இருக்கிறார். கனவில் வந்தவரைத்தான் இந்த எலி பார்த்திருக்கிறது. எப்படி என்று தெரியாவிட்டால் போகிறது.

"அதான் இன்னிக்குச் சொன்னனேங்க."

"இன்னிக்கா?" தனசேகர் சிரித்தான். "கம்ப்ரசர் ரிப்பேரு. நேத்து ராத்திரியிருந்து நான் இன்னும் கண்ணே மூடல அம்மணி."

அவள் மேசையைப் பார்த்தாள். நாலாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.