பலகை மேல் ஒரு துறைமுகம்

அடுத்தவர் பையில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் டோருனுக்குத் தலை வெடித்துவிடும். ஸ்வீடனில், கோத்தன்பர்க் நகரத்தில் டிராம் ஓட்டுகிறவள். நிறுத்தத்தில் ஏறும் ஒவ்வொரு மூட்டையையும் கண்ணாடியில் பார்த்து, இது மீன், இது துவைக்கிற துணி, இது மாமியாருக்குப் போகும் கேக் என்று தனக்குத்தானே பந்தயம் கட்டுவாள். பாதிக்கு மேல் தப்பாகத்தான் போகும். அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்?

அப்பேர்ப்பட்டவளுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு பை பிடிபடவில்லை. கணவன் ஹென்னிங்குக்கு முதல் மனைவி மூலம் பிறந்த டைராவின் நீலப் பை அது. டைராவுக்கு ஒன்பது வயது. ஒரு வாரம் அம்மாவிடம், ஒரு வாரம் இங்கே; வெள்ளிக்கிழமை மாறுவாள். வரும்போது தோளில் இருந்தது அத்தனையும் போகும்போதும் தோளில் இருக்கும். ஒற்றைச் சாக்ஸைக்கூட விட்டுப் போனதில்லை. பேச்சிலும் 'அப்பா வீடு'தான். இந்தப் பெண் கடைசிவரை விருந்தாளியாகவே வந்து போய்விடுவாளோ என்று டோருனுக்கு உள்ளுக்குள் பயம்.

இந்தச் சமயத்தில்தான் விளையாட்டு அறையின் நீளச் சுவருக்கு அலமாரி வாங்கும் பேச்சு வந்தது.

"தரையிலேர்ந்து கூரை வரைக்கும் வெள்ளை அலமாரி, கதவு போட்டது" என்றான் ஹென்னிங். "சாத்திட்டா குப்பை கண்ணுல படாது."

"குப்பையா? உன் புள்ளைங்க சாமான்யா அது!"

"சரி தாயே, பொக்கிஷம். பொக்கிஷத்தையும் சாத்தி வைக்கலாம்ல?"

டோருன் விடவில்லை. காசைக் கொட்டுவதற்கு முன் யார் எதை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்று சுவர் நெடுகப் பேப்பர் டேப்பை ஒட்டினாள், உயரத்துக்கு ஒரு கோடாக. மூன்று வயது மகன் மெல்க்கர் கட்டை, கரடி, பாதி தின்ற ரொட்டி எல்லாவற்றையும் கீழ்க்கோட்டுக்கு நேரே கொட்டினான். அவனுக்குத் தாழ்வாக, கதவில்லாமல், இழுத்து எடுக்கிற மாதிரி கூடைகள் போதும் என்று தெரிந்துபோனது. டைராவுக்கு ஒதுக்கிய ஜன்னல் பக்கம் மட்டும் வெறிச்சென்று கிடந்தது.

"உனக்கு எந்த உயரம்டி வேணும்?"

"வேண்டாம். எனக்குப் பை போதும்."

"கதவு வெச்சுத் தரட்டுமா? பூட்டுகூடப் போடலாம்."

"பொம்மைக்கு எதுக்குப் பூட்டு? நான் என்ன பேங்கா நடத்தறேன்?"

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள் டோருன். ஆனால் கண் மட்டும் அந்தப் பெண்ணை விட்டு நகரவில்லை. டைரா அந்த வாரம் முழுக்கத் தரையில் மரக்கட்டைகளால் ஒரு துறைமுகம் கட்டினாள். பாரம் தூக்கி, கலங்கரை விளக்கம், பாதியில் நிற்கும் கப்பல், எல்லாம் இருந்தது. வியாழன் சாயங்காலம் பார்த்தால் அவளே அதைப் பிரித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அடிப்பாவி, ஏன் கலைக்கறே? நல்லாத்தானே இருந்துது!"

"நாளைக்குத் தரை கூட்டுற ரோபோ வரும். அதுக்குள்ள மெல்க்கர் வருவான். யாரோ கலைக்கறதுக்கு நானே கலைச்சுடறேன்."

அழுகையோ புகாரோ இல்லை, சும்மா சொல்கிற மாதிரிதான் சொன்னாள். டோருன் சுவரில் ஒட்டிய டேப்பைத் திரும்பிப் பார்த்தாள். அட ராமா! எடுத்து வைக்கத்தான் அலமாரி என்று இத்தனை நாள் மல்லுக்கட்டினார்களே, கட்டி முடியாத ஒன்றை அப்படியே விட்டுப் போக இந்தப் பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும் என்று ஒருத்தருக்காவது தோன்றியதா?

அடுத்த வாரம் ஜன்னல் பக்கச் சுவரில், டைராவின் நெஞ்சுயரத்துக்கு, மேஜை அகலப் பலகை ஒன்று ஏறியது.

"கதவும் இல்ல, கூடையும் இல்ல. இதுக்குப் பேரு அலமாரியா?" என்று முனகினான் ஹென்னிங்.

"நீ திருகாணிய முடுக்கு, மத்தத நான் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை வந்த டைரா பலகையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். குனிந்து அடியிலும் பார்த்தாள்.

"மெல்க்கருக்கு எட்டாதா?"

"எட்டாது."

"நாற்காலி போட்டு ஏறினா?"

"இந்த ரூம்ல இனிமே நாற்காலியே கிடையாது."

"ரோபோ?"

"அதுக்கு ஏறத் தெரிஞ்சா டிராம் ஓட்ட அனுப்பிட்டு நான் வீட்ல தூங்குவேன்."

டைரா சிரிக்கவில்லை. ஆனால் கட்டைகளைப் பலகை மேல் கொட்டினாள். அந்த வாரம் முடிந்து கிளம்பும்போது துறைமுகம் கலையாமல் நின்றது. நீலப் பை மட்டும் வழக்கம்போல் உப்பிக்கொண்டு தோளில் போனது. இவ்வளவுதானா என்று டோருனுக்குச் சப்பென்றாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை, கடைசி நிறுத்தத்தில் காபி பிளாஸ்கைத் திறக்கும்போது போன் அடித்தது. அம்மாவிடம் இருக்கும் வாரத்தில் டைரா இவளைக் கூப்பிட்டதே கிடையாது.

"டோருன், கப்பல் இருக்கா?"

"இருக்கும்மா."

"மெல்க்கர்?"

"வந்து நின்னு பாத்தான். கையப் பின்னாடி கட்டிக்கிட்டு."

"தூசி?"

"கொஞ்சம் படிஞ்சிருக்கு. தொடைக்கட்டுமா?"

"ஐயோ, தொடாதே! நான் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து தொடைச்சுக்கறேன்."

போனை வைத்த பிறகுதான் டோருனுக்கு உறைத்தது: 'அப்பா வீட்டுக்கு' இல்லை, வெறும் 'வீட்டுக்கு'. மூக்கை உறிஞ்சி, கண்ணைத் துடைத்து, மறுபடியும் துடைத்துக்கொண்டாள். அன்று டிராம் தாமதமாகத்தான் கிளம்பியது. ஏறியவர்களின் பைகளில் என்ன இருந்தது என்று அவள் பார்க்கவே இல்லை.