ரெண்டாவது மீட்டர்

எங்க வூட்டு முன்பக்கச் செவுத்துல ரெண்டு கரண்ட் மீட்டர் இருந்துச்சு. ஒன்னு எங்களுது, இன்னொன்னு என் கொழுந்தனாருது. வூடு ஒன்னுதான். நானும் என் ஓரகத்தியும் மூஞ்சி குடுத்துப் பேசாத காலத்துல நடுவுல ஒரு செவுரு வெச்சு, ஆளுக்கொரு அடுப்பு, ஆளுக்கொரு மீட்டர்னு பிரிச்சிக்கினோம்.

கொழுந்தனார் கரும்பு லோடு ஏத்தப் போன எடத்துல நெஞ்சப் புடிச்சிக்கினு விழுந்தார். அத்தோட சரி. புள்ளைங்க இல்ல. காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க கெளம்பிப் போன அன்னிக்கு அந்தப் பக்கத்து அடுப்பு பத்தவேயில்ல. எனக்கு மனசு கேக்கல. போய் என் ஓரகத்தி கையப் புடிச்சு இழுத்துக்கினு வந்து என் அடுப்படியில ஒக்கார வெச்சேன். "இனிமே உனக்கு இங்கதான் சோறு"ன்னேன். அவ வெங்காயத்த எடுத்து உரிக்க ஆரம்பிச்சா. அன்னிலருந்து எங்களுக்கு ஒரே பானைதான்.

அப்புறம் கரண்ட் ஆபீஸ்லருந்து தகவல் வந்துச்சு. ஒரே வூட்ல ஒரே குடும்பம் ரெண்டு மீட்டர் வெச்சிருந்தா ஒன்னா சேத்துடணும்னு மேல ரேட்டு போடுற ஆணையம் சொல்லிட்டாங்களாம். தனிக் குடும்பம், தனிச் சமையல்னா விட்டுடுவாங்களாம். நேர்ல வந்து பாப்பாங்களாம். மீட்டருக்கு நூறு யூனிட்டு ஃப்ரீ. சேத்துட்டா ஒரு நூறு போயிடும், யூனிட்டு ஏற ஏற ரேட்டும் ஏறும். எங்க கச்சிராயபாளையத்துல வசதி இருக்கிறவங்க மெத்தை வூட்டு மொட்ட மாடியில சோலார் போட்டுட்டுக் கவலையில்லாம இருக்காங்க. எங்க ஓட்டு வூடு அதத் தாங்காது.

எங்க வூட்டுக்காரர் சொன்னார்: "ஒரு நாளைக்குத்தான? அந்த அடுப்பப் பத்த வெச்சு அந்தப் புள்ள பாட்டுக்குச் சமைக்கட்டும். வந்து பாத்துட்டுப் போவட்டும்." எனக்கும் சரின்னுதான் பட்டுது. அவகிட்ட சொன்னேன். "சரிக்கா"ன்னா.

ஆபீஸ்லருந்து வர்ற அன்னிக்குக் காலைல செவுத்துக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருள்ற சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சு. முன்னல்லாம் அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சலா வரும். இப்ப அதக் கேட்டுக்கினு கையில வேல ஓடல.

ஆபீஸ்காரர் வந்தார். நல்ல மனுசன், செருப்ப வெளிய கழட்டிட்டுத்தான் உள்ள வந்தார். என் அடுப்படியப் பாத்துட்டு அந்தப் பக்கம் போனார். நானும் பின்னாடியே போனேன். அடுப்பு மேல சின்னக் குண்டான். அவளே மூடியத் தொறந்து காமிச்சா. அடியில கொஞ்சூண்டு சோறு, ஒரு ஆளு சோறு. பக்கத்துல ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

"தனியாத்தான் இருக்கீங்களாம்மா?"ன்னு கேட்டார்.

"ஆமாங்க, நான் தனிதான்"ன்னா. அது பொய் சொல்ற கொரல் இல்ல.

அவர் தலையாட்டிட்டு வெளிய போய் வண்டிய ஸ்டார்ட் பண்ணார். எனக்கு எங்கருந்து வந்துச்சோ அந்தக் கோவம். யார் மேலன்னு கூடத் தெரியல. வேகமாப் போய் வண்டிய மறிச்சேன்.

"சார், சேத்து எழுதிக்கிங்க. ரெண்டும் ஒரே குடும்பந்தான். அந்த அடுப்பு இன்னிக்குத்தான் எரியுது."

"இன்னாம்மா இது, தெரிஞ்சுதான் சொல்றீங்களா? பில்லு ஜாஸ்தியா வரும்."

"வரட்டும் சார்."

எங்க வூட்டுக்காரர் வாசல்ல நின்னுக்கினு என்ன மொறைச்சார். மொறைச்சா மொறைக்கட்டும்னு உள்ள போயி, அந்தக் குண்டான் சோத்தத் தூக்கியாந்து எங்க பானையில கொட்டுனேன். அவ அப்பதான் அழுதா.

இப்ப ஒரு மீட்டர்தான். மலைப் பக்கம் மேகம் கருக்கிட்டா எங்களுக்குக் கரண்ட்டு போயிடும், பில்லு மட்டும் தவறாம வரும். வரும்போதெல்லாம் அவ மூஞ்சி சின்னதாப் போயி, "என்னாலதானக்கா"ன்னுவா.

"ஆமாம், உன்னாலதான். வாய மூடிக்கினு சாப்புடு"ன்னு சொல்லி இன்னொரு கரண்டி சோறு வெப்பேன்.