மலை இருக்கும் இடத்தைப் பார்த்தவன்

1. கருவேலங்காட்டில் முளைத்த ஊர்

விமானப்படைத் தளம் என்றால் விமானங்கள்தான் என்று நானும் நினைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியும் அந்த நினைப்பு முழுசாகப் போகவில்லை. எழுபதுகளின் கடைசியில் ஒரு மார்கழியில் எங்கள் தளத்தின் ஒரு பகுதி, மதுரைக்குத் தெற்கே இருந்த ஓடுதளத்தில் மூன்று வாரம் பயிற்சி முகாம் போட்டது. அங்கேதான் எனக்குக் கண் திறந்தது.

விமானங்களுக்கு ஒரு வாரம் முன்பே லாரிகள் வந்து இறங்கின. கருவேலமும் புழுதியுமாகக் கிடந்த இடத்தில் நான்கே நாளில் ஓர் ஊர் எழுந்துவிட்டது. எரிபொருள் நிரப்பும் பவுசர் லாரி, தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், வயர்லெஸ் வேன். டயர்களைப் பார்க்க ஒரு பிரிவு, விமானி சுவாசிக்கும் ஆக்ஸிஜனை மட்டும் பார்க்க ஒரு பிரிவு. ஓடுதளத்தில் கிடக்கும் கல்லையும் ஆணியையும் பொறுக்க ஒரு வரிசை ஆட்கள். இத்தனை பேருக்கும் சப்பாத்தி போட ஒரு சமையல் கூடாரம். மேலே போகிறவர் ஒரே ஒருவர், அவருக்காகக் கீழே ஒரு ஊரே நிற்கிறது. திருவிழாவுக்குப் போன பிள்ளை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு சுற்றினேன்.

அந்த ஊரில் என் இடம் வானிலைக் கூடாரம். என் மேலதிகாரி வாரண்ட் ஆபீசர் தனராஜ், திருநெல்வேலிக்காரர். எனக்குச் சொந்த ஊர் மதுரையை ஒட்டிய பரவை என்பதால்தான் என்னை முகாமுக்கு அழைத்து வந்தார்.

"நீரு மதுரைக்காரம்லா? இங்க உள்ள மலையெல்லாம் உமக்குப் பழக்கம். விசிபிலிட்டிய நீரே பாரும்" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

விசிபிலிட்டி என்பது கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்ற கணக்கு. அதற்கு அன்று எங்களிடம் கருவி கிடையாது. தூரம் தெரிந்த பொருள்களை அடையாளம் வைத்துக்கொண்டு கண்ணால் பார்ப்போம். இரண்டு கிலோமீட்டரில் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஐந்தில் திருப்பரங்குன்றத்து மலை. பத்தில் கோயில் கோபுரம். யானைமலையும் தெரிந்தால் பதினெட்டு. எது வரை தெரிகிறதோ அதை ரெஜிஸ்டரில் எழுதி வயர்லெஸ்ஸில் தளத்துக்கு அனுப்ப வேண்டும்.

2. ஆறரை மணிக் குறிப்பு

முதல் ஜெட் வரவேண்டிய நாள் அது. காலை ஆறரைக்கு வெளியே வந்து வடமேற்கே பார்த்தேன். லேசான பனி என்றுதான் பட்டது. மலை தெரிந்தது. ஐந்து கிலோமீட்டர் என்று எழுதி அனுப்பினேன். அந்த எண்ணை வைத்துத்தான் அங்கே தளத்தில் விமானி ஏறி உட்கார்ந்தார். ஏழு மணிக்குக் கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது.

எங்கள் கூடாரத்துக்கு முன்னால்தான் தீயணைப்பு வண்டி நிற்கும். அதன் டிரைவர் பாண்டி, வாடிப்பட்டிக்காரன், என் வயசு. வண்டியின் கூரைமேல் நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, பிளேன் கிளம்பிருச்சாம்ல. எம்புட்டுத் தூரம்னு எழுதுன?"

"அஞ்சு. அதான் மலை தெரியுதுல்ல."

"மலையா? எங்கிட்டுடா?"

"அந்தா, அங்கிட்டு."

பாண்டி நெற்றியில் கைவைத்துப் பார்த்தான். "அங்கிட்டு ஒண்ணையும் காணோமே. எனக்குத் தண்ணித் தொட்டியே தெரியல மாப்ள. வெளையாடாத."

நான் மறுபடி பார்த்தேன். வெறும் வெள்ளை. மலையும் இல்லை, தொட்டியும் இல்லை.  பிறந்ததிலிருந்து பார்த்த மலை என்பதால், அது இருக்க வேண்டிய இடத்தில் நானே அதை வைத்திருக்கிறேன்.

அந்த ஜெட்டில் இருந்த எரிபொருளுக்கு ஓர் எல்லை உண்டு. நடுவழிக்குள் சொன்னால் திரும்பிப் போகலாம். தாண்டிவிட்டால் இங்கேதான் இறங்கியாக வேண்டும். இங்கே இறங்க ஓடுதளமே தெரியாது.

வயர்லெஸ் வேனுக்கு ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. "ஒரு கிலோமீட்டருக்கும் கம்மி, திருப்பச் சொல்லுங்க" என்று கத்தினேன். ஆபரேட்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த நொடி செய்தி போய்விட்டது. கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, திரும்பிவிட்டது என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை இன்றுவரை மறக்க முடியவில்லை. விமானம் இங்கே வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பாண்டி வண்டியை ஓடுதள முனைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். ஆம்புலன்ஸ் அவன் பின்னால். டாக்டர் நின்றபடியே இருந்தார். சமையல்காரர்கூடக் கரண்டியோடு வெளியே வந்து நின்றார். தளத்தில் விமானி பத்திரமாக இறங்கியாகிவிட்டது என்று செய்தி வரும்வரை ஒருவரும் இடத்தைவிட்டு அசையவில்லை. அந்தப் பனிக்குள் அத்தனை பேரையும் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, வெட்கமாகவும் இருந்தது.

3. ஒற்றைக் கோடு

தனராஜ் சார் ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பனி பொறவுதான் எறங்கிச்சு, அப்படித்தான?"

தலையை ஆட்டியிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். மார்கழிப் பனி அப்படி இறங்குவதும் உண்டு. யாரும் துருவியிருக்க மாட்டார்கள். ஆனால் கரண்டியோடு நின்ற அந்தச் சமையல்காரர் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"இல்ல சார். அப்பவே இருந்துச்சு. நான் மலையப் பாக்கல, மலை இருக்குற எடத்தப் பாத்தேன்."

 அவர் பேனாவை நீட்டினார். "அடிச்சுத் திருத்தும். ஒத்தக் கோடு. கீழ உள்ளது வாசிக்கத் தெரியணும். பக்கத்துல ஏன்னு எழுதி, கையெழுத்துப் போடும்." எழுதினேன்.  மெமோ கிடைத்தது, ஒரு வாரம் தனியாகக் குறிப்பெடுக்கத் தடை. அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை.

தடை முடிந்த மறுநாள் காலை, அன்று திரும்பிப் போய்ப் பிறகு முகாமுக்கு வந்து சேர்ந்திருந்த அந்த ஜெட்டின் விமானி கூடாரத்துக்குள் வந்தார். வடக்கத்திக்காரர், என்னைவிட இரண்டு வயசு கூட இருந்தால் அதிகம். பறக்கப்போகும் முன் ரெஜிஸ்டரைப் பார்ப்பது அவர்கள் வழக்கம். பக்கங்களைப் பின்னால் புரட்டினார். அடித்த வரியில் விரல் நின்றது. அதையும் பக்கத்தில் நான் எழுதியிருந்த காரணத்தையும் நிதானமாகப் படித்தார். நான் பூமிக்குள் போய்விடலாமா என்று நின்றேன்.

அவர் நிமிர்ந்து, என் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு எவ்வளவு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பத்து நிமிஷத்துக்கு முன்னால் எழுதிய எண் மேசைமேல்தான் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. "ஒரு நிமிஷம் சார்" என்று வெளியே போனேன். இந்த ஊருக்கே புதியவன் போல ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உள்ளே வந்து, "பத்து கிலோமீட்டர்" என்றேன்.

அவர் தாமாக வெளியே போய்ப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு நேரே விமானத்தை நோக்கி நடந்தார்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: தெரிந்த இடத்தில்தான் இரண்டு தடவை பார்க்க வேண்டும். அந்த முகாமுக்குப் பிறகு முப்பது வருஷம் வேலை பார்த்தேன். எத்தனையோ பேர் கைகுலுக்கிப் பாராட்டியிருக்கிறார்கள். என் தப்பை என் கையெழுத்திலேயே படித்துவிட்டு, என் கண்ணை நம்பி வானத்தில் ஏறியவர் அவர் ஒருவர்தான்.