குழை ஏற்றிய லொறி

அத்தானின் லொறிக்குத் தட்டை மூக்கு, உருண்டைக் கண், ஆமிப் பச்சை நிறம். வெள்ளைக்காரன் தன் உலகச் சண்டைக்குக் கொண்டுவந்து, முடிந்ததும் விட்டுப்போனது. பல கை மாறி வலிகாமத்தில் என் அக்காவின் கணவரான அத்தானிடம் வந்து, எருவும் வெங்காயமும் புகையிலையும் சுமந்து, மண்ணெண்ணெய் குடித்துக்கொண்டு கிடந்தது. அதில் எனக்கும் ஓர் உத்தியோகம் இருந்தது: பாரத்துக்கு மேலே படுத்திருப்பது. பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது, நானும் அதைக் கைவிட்டேன். அதற்குப் பிறகு கிடைத்த பெரிய பதவி அதுதான்.

இராணுவத்தின் ஹெலிகொப்டர் ஊருக்கு மேலே சுற்றிச் சுற்றிச் சுட்டுக்கொண்டிருந்த காலம் அது. தோட்டத்து மண்ணுக்குள் பசளையாகப் புதைத்துத் தாழ்ப்பதற்கு அத்தானும் அக்காவும் நானும் பூவரசங்குழையை, இலையும் கொப்புமாக, வெட்டி ஏற்றினோம். மேலே குவித்தது போதாதென்று பக்கங்களிலும் குழையைச் செருகிக் கட்டியவன் நான். எட்ட நின்று அழகு பார்த்தவனும் நான்தான். இயக்கத்துச் சண்டைக்காரர் தங்கள் வாகனத்தை மறைப்பதும் இப்படித்தான் என்பது எங்கள் மூன்று தலையில் ஒன்றுக்கும் உறைக்கவில்லை.

தோட்டத்தில் நிறுத்தி இறக்கத் தொடங்கியதும் ஹெலி வந்தது. கடந்து போனது. பிறகு திரும்பித் தாழ வந்தது. நான் பாய்ந்து லொறிக்கு அடியில் புகுந்தேன். அவன் எதைச் சுட வந்தானோ, அதற்குக் கீழேயே போய் ஒளிக்கிற மூளை எனக்குத்தான் வாய்க்கும். அக்கா என் காலைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துப் போட்டு, மண்வெட்டியைக் கையில் திணித்தாள்.

“ஒளிச்சா இயக்கம் எண்டு நினைச்சுச் சுடுவான். கொத்து.”

“எனக்குக் கொத்தத் தெரியாதே அக்கா.”

“அது மேலை இருக்கிறவனுக்குத் தெரியாது. கொத்தடா.”

அத்தான் குழையை இழுத்து விழுத்தினார். அக்கா அதை, முன்பே வெட்டி வைத்த கிடங்குக் குழியில் பரப்பினாள். நான் மண்ணை அள்ளி மூடினேன், பாதி என் காலிலேயே விழுந்தது. ஹெலியின் காற்றில் குழையெல்லாம் எழும்பிப் பறந்தது. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மழைக்கு முன் வேலையை முடிக்கிற அவசரத்தில் இருப்பவள் போல நிமிராமல் நின்றாள். மேலே பார்க்காதே என்று என் காதுக்குள் கத்தினாள்.

இப்போது வயது போய், முழங்கால் நோகிறது என்று முனகத் தொடங்கும்போதெல்லாம், அக்கா பிடித்து இழுத்த கால் அல்லவா என்று நினைப்பு வரும். முனகலை விழுங்கிவிடுவேன். நோவதற்கென்றாவது ஒரு கால் மிஞ்சியது அவளால்.

அன்றைக்கு நான் மேலே பார்க்கவே இல்லை. தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு கொத்தினேன், மூடினேன், மறுபடி கொத்தினேன். ஏற்றி வந்த குழை முழுவதும் மண்ணுக்குள் போன பிறகுதான் பயந்து பயந்து தலையைத் தூக்கினேன். வானத்தில் ஒரு காகம்கூட இல்லை. அத்தான் லொறி நிழலில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அக்கா காலை நீட்டி இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். ஹெலி எப்போது போனது என்று கேட்டேன்.

“அவன் அப்பவே போயிட்டான்,” என்றாள் அக்கா. “நீ வேலை செய்து நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. குழப்ப மனம் வரேல்லை.”