மல்லிகைக் கையும் ஸ்ட்ராபெரிப் பாத்தியும்

கொரோனா வந்து போனதில் எனக்கு இருமல் மட்டும் மிஞ்சியது. என் மனைவிக்கு வாசனையும் ருசியும் போயின. ஊரில் பலருக்கும் போய்த் திரும்பியவைதான். அவளுக்கு மட்டும் திரும்பவில்லை. திருப்பரங்குன்றத்துக்கு அந்தப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் வளர்ந்தவள், பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, "வாசம் வருதாங்க?" என்று என்னைக் கேட்பாள். எனக்கு எரிச்சலாக வரும். யார்மீது என்று தெரியாத எரிச்சல்.

ஒருநாள் சாப்பிடும்போது, கல்யாணமான புதிதில் கொடைக்கானலில் வாங்கித் தின்ற ஸ்ட்ராபெரியின் வாசம் நினைவுக்கு வந்ததாகச் சொன்னாள். அன்றைக்கே கடையில் ஒரு டப்பா வாங்கி வந்தேன். "ரப்பரை மெல்ற மாதிரி இருக்கு" என்றாள். குளிர்பெட்டியில் கிடந்த பழத்துக்கு ஏது வாசம்? செடியிலேயே பழுத்ததைக் கொடுத்தால் நாக்குக்கு ருசி திரும்புமோ என்று தோன்றிவிட்டது. எனக்கு ஒன்று தோன்றிவிட்டால் அப்புறம் அடங்காது.

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மண் என்று சொல்லக்கூடியது கிடையாது. வீடு கட்டியவர்கள் விட்டுப்போன ஜல்லியும் சிமென்ட் கட்டியும்தான். அதன்மேல் செங்கல் அடுக்கி, முழங்கால் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டினேன். செம்மண், ஆற்று மணல், மக்கிய சாணி, தேங்காய் நார்த்தூள் எல்லாம் கலந்தேன். அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். போர்வெல் தண்ணீர் உப்பு. ஸ்ட்ராபெரி அதைத் தாங்காது என்று படித்ததால் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, நம்ம வெயில்ல இது பழமா காய்க்காது. நேரா ஜாமாத்தான் காய்க்கும்."

ரகம் தேர்ந்தெடுப்பதில் வீட்டுக்குள்ளேயே சண்டை. காமரோசா நிறையக் காய்க்கும், பழமும் பெரிது, லாரியில் தூரம் போகவும் தாங்கும். எங்கள் பழம் போகவேண்டிய தூரம் கொல்லையிலிருந்து சமையலறை வரைதான். ஸ்வீட் சார்லி சீக்கிரம் காய்க்கும், இனிப்பும் மணமும் கூடுதல் என்றார்கள். மதுரையில் குளிர் என்பதே மார்கழியும் தையும்தான். அதற்குள் காய்த்து முடிக்கிற ரகம் வேண்டும்.

"எம்புட்டு காய்க்கும்னு பாக்க வேணாமா? நாலு பழத்துக்கா இம்புட்டு பாடு?" என்றாள் பூ விவசாயியின் மகள். நான் ஸ்வீட் சார்லியையே வரவழைத்தேன். ஐப்பசியில் நாற்றுகள் ஈரச் சாக்கில் சுற்றிக் கொடைக்கானல் பஸ்ஸில் வந்து இறங்கின.

நடுவதை அவளிடம் விட்டேன். கைராசிக்காரி. நான் வைத்தால் கற்றாழைகூட வாடும். மல்லிகைச் செடியை ஆழமாக வைத்து, தூரில் மண் அணைத்து, காலால் மிதித்து விடுவது அவள் வீட்டுப் பழக்கம். அப்படியே இதையும் நட்டாள். குருத்தெல்லாம் மண்ணுக்குள் போனது. கடைசி வரிசைக்கு வரும்போது குக்கர் விசிலடிக்க, அவள் எழுந்து போய்விட்டாள். மிச்சத்தை நான் முதுகுவலியோடு ஏனோதானோவென்று மேலாகச் செருகினேன். அடுத்து மழை பிடித்துக்கொண்டது. அவள் வைத்தவை குருத்தழுகிச் செத்தன. நான் செருகியவை நிமிர்ந்து நின்றன. குருத்து மண்ணுக்கு மேலே காற்றுப்பட இருக்க வேண்டுமாம். அதைப் பிறகுதான் படித்தேன்.

"நல்ல கைராசி!" என்று கேலி செய்தேன். ஒன்றுக்கு நாலாகத் திருப்பித் தருகிறவள், அழுகிய செடிகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குன்னு மிச்சமிருந்தது இந்தக் கை ஒண்ணுதாங்க" என்றாள்.

அன்று அலுவலகத்தில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

தப்பிய செடிகளுக்கு அவளே வைக்கோல் பரப்பினாள், பச்சை வலை கட்டச் சொன்னாள், குடத்துத் தண்ணீரை அளந்து ஊற்றினாள். மார்கழியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. முதல் பழம் சிவந்த அன்றே அணில் வலைக்குள் புகுந்து கடித்துப் போட்டது. அடுத்தது பாதி வெள்ளையாக இருக்கும்போதே அவள் பறித்துவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்!

"இனிப்புன்னுதானே இந்த ரகத்தையே வாங்குனேன்? ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா?"

"அணிலுக்கா வளக்குறீங்க?" என்று சொல்லிக்கொண்டே பாதியைக் கடித்தாள். முகம் கோணியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பூச்சி எதையோ கடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"புளிக்குது" என்றாள்.

ஒரு ருசியை அவள் வாயால் கேட்டு எத்தனை நாளாயிற்று! மீதியையும் வாயில் போட்டு மெதுவாக மென்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

"வாசம்?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு என் கையைப் பிடித்துப் பாத்திக்கு இழுத்துப் போய், வைக்கோல்மேல் வெளுத்துக் கிடந்த காய்களைக் காட்டினாள்.

"இதுல ஒண்ணையும் பழுக்க விட்றாதீங்க. எல்லாம் எனக்கு இப்படியே வேணும்."