அழித்தும் அழியாத காதுகுத்து

லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பை அழித்தால் அது அழிந்துவிடும் என்று நான்கு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். குத்தாலத்தில் ஒரு காதுகுத்தில் அந்த நம்பிக்கைக்குக் கருமாதி நடந்தது.

அப்போது ஒரு ஸ்டுடியோவில் வேலை. விசேஷங்களை வீடியோவாகக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வது என் பொறுப்பு. அன்று மூன்று வயதுப் பெண் குழந்தை. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து மண்டபமே அதிர அலறியது. குழந்தையின் அப்பா குவைத்தில். லீவு கிடைக்கவில்லை, வேலை நேரத்தில் போனையும் தொடக்கூடாதாம். பதிவைப் பார்த்தால்தான் உண்டு என்று குழந்தையின் அம்மா என்னிடம் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

பந்தியையும் பதிவு செய்துகொண்டிருந்தபோது, டிஸ்கில் இடம் தீரப்போகிறது என்று எச்சரிக்கை வந்தது. ஒரு கையில் பாயசம். இருப்பதிலேயே பெரிய கோப்பைப் பார்த்தேன். போன வாரக் கல்யாணம்தான் என்று முடிவுகட்டி, பெயரைக்கூடப் படிக்காமல் அழித்தேன். துளி இடம் காலியாகவில்லை. லினக்ஸை எழுதியவர்களின் பரம்பரையையே திட்டினேன்.

அழித்த கோப்பை ஏதாவது புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருந்தால் இடம் திரும்பக் கிடைக்காது என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியல் போடும் கட்டளையை அடித்தேன். பிடித்துவைத்திருந்தது எங்கள் பதிவு புரோகிராமேதான். அதாவது, நான் அழித்தது கல்யாணம் இல்லை, அன்றைய காதுகுத்து. பாயசத்தைக் கீழே வைத்தேன்.

அந்தப் புரோகிராம் ஓடும்வரை கோப்பு உயிரோடு இருக்கும். நிறுத்தினால் போச்சு. அதற்குள் வேறொரு டிஸ்குக்கு நகலெடுக்க வேண்டும். பாதி நகல் ஓடியபோது ஸ்டுடியோ முதலாளி வந்தார். எந்தக் கோளாறுக்கும் அவரிடம் இருந்தது ஒரே வைத்தியம்.

“என்னப்பா, மாட்டிக்கிச்சா? ஆஃப் பண்ணி ஆன் பண்ணு,” என்று சுவிட்சை நோக்கிக் கை நீட்டினார்.

“தொடாதீங்கண்ணே! ஷாக் அடிக்குது!”

பச்சைப் பொய். அவர் நாலடி தள்ளி நின்று யோசித்துவிட்டு, எலெக்ட்ரீஷியனைத் தேடிப் போனார். வருவதற்குள் நகல் முடிந்தது. போட்டுப் பார்த்தேன், அலறல் முழுசாக இருந்தது. வந்த எலெக்ட்ரீஷியன் அரை மணி நேரம் வயரைக் குடைந்து, எர்த் சரியில்லை என்று கண்டுபிடிக்கவும் செய்தார்.

முழுப் பதிவை அனுப்பிய இரண்டாம் நாள் குவைத்திலிருந்து அந்த அப்பா பேசினார்.

“தம்பி, ஆல்பத்துக்குச் சுருக்குற வீடியோவுல பாப்பா அழற இடத்தை வெட்டிடாதீங்க. வீட்ல வெட்டச் சொல்வாங்க, கேக்காதீங்க. போன்ல கூப்பிட்டா எங்கிட்ட பேசவே மாட்டா, மூஞ்சியைத் திருப்பிக்குவா. இதுல அப்பான்னுதான் கத்துறா.”

வெட்ட மாட்டேன் என்றேன். அதை அழித்ததே நான்தான் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.